சரக்குக் கப்பலுக்கு எத்தனை பீரங்கி?

கல்லூரி மாணவி, கோவை
*எந்த விண்வெளிப் படத்தைப் பார்த்தாலும் மூட்டை ஏற்றுகிற கப்பலில்கூட லேசர் பீரங்கி இருக்கிறதே, எதற்கு?*

1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' போட்ட பிள்ளையார் சுழி. ஹான் சோலோவின் 'மில்லேனியம் ஃபால்கன்' பெயருக்குச் சரக்குக் கப்பல். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று நான்கு குழல் லேசர் பீரங்கிகள். ஆனால் ஹான் சோலோ ஒரு கடத்தல்காரர். அவர் கப்பலில் பீரங்கி இருப்பது அவர் தொழிலைச் சொல்கிறது. பின்னால் வந்தவர்கள் கடத்தலை விட்டுவிட்டுப் பீரங்கியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பருப்பு ஏற்றுகிறவருக்கும் பீரங்கி கிடைத்தது அப்படித்தான்.

இரண்டே வருடத்தில் இதற்கு மறுபக்கமும் வந்தது. 1979-ல் வெளியான 'ஏலியன்' படத்தின் 'நாஸ்ட்ரோமோ' ஓர் இழுவைக் கப்பல். ஏழே பேர், பின்னால் 2 கோடி டன் தாது. அவர்கள் சம்பளத்துக்கும் போனஸுக்கும் வேலை பார்க்கிறவர்கள். உள்ளே வந்துவிட்ட மிருகத்தைக் கையில் கிடைத்ததைக் கொண்டுதான் எதிர்க்க வேண்டும். அந்தக் கப்பலில் ஓர் ஆயுதசாலை இருந்திருந்தால் படம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

லாரி உரிமையாளர், நாமக்கல்
*ஆயுதமே இல்லாமல் போனால் கொள்ளைக்காரன் விடுவானா?*

உங்கள் லாரி அசாம் வரைக்கும் போகிறது. டிரைவர் சீட்டுக்கு அடியில் இயந்திரத் துப்பாக்கியா வைத்திருக்கிறீர்கள்? செக்போஸ்ட் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு போன் செய்தால் யாராவது வந்து சேருவார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது. விண்வெளிக் கதைக்கும் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: உதவி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பீரங்கிக் கணக்கு தானாக வந்துவிடும். ராபர்ட் ஹைன்லைனின் 'சிட்டிசன் ஆஃப் தி கேலக்ஸி' 1957-ல் வந்த நாவல். அதில் 'சிஸு' என்ற வணிகக் கப்பல் குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு, எந்த அரசின் கையும் எட்டாத வெளியில் போய்வருகிறது. அடிமை வியாபாரிகள் அலைகிற வெளி அது. அதனால் சிஸுவில் ஏவுகணைகள் உண்டு, அவற்றை இயக்கும் பொறுப்பு கதாநாயகனான சிறுவனின் கைக்கு வருகிறது. அங்கே ஆயுதம் நியாயம். அந்தக் கப்பலை நிராயுதபாணியாக அனுப்பியிருந்தால்தான் ஹைன்லைன் தப்பு செய்தவர் ஆவார்.

'தி எக்ஸ்பான்ஸ்' கதையின் 'கேன்டர்பரி' நேர்மாறு. பனிக்கட்டி சுமக்கும் கிழட்டுக் கப்பல், ஆயுதம் கிடையாது. பூமிக்கும் செவ்வாய்க்கும் பெரிய கடற்படைகள் இருக்கும் சூரிய மண்டலத்தில் பனிக்கட்டிக் கப்பலை யார் அடிக்கப் போகிறார்கள் என்ற நிம்மதி. அதை ஒருவர் ஏவுகணையால் அடித்து நொறுக்கும்போது நமக்குப் பதறுகிறது. ஒரு கப்பல் போனதற்காக மட்டும் வந்த பதற்றம் இல்லை அது. ஓர் ஒழுங்கு உடைந்துவிட்டது என்று புரிவதால் வந்த பதற்றம். கேன்டர்பரியில் நாலு பீரங்கி இருந்திருந்தால் அது வெறும் சண்டைக் காட்சி.

வாசகர், திருவாரூர்
*'டிக் டிக் டிக்' படத்தில் விண்வெளியில் அணுகுண்டு வைத்திருப்பார்களே, சட்டப்படி முடியுமா?*

முடியாது. 1967-ம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் அணு ஆயுதத்தைச் சுற்றுப்பாதையில் நிறுத்துவதைத் தடை செய்கிறது. அதனால்தான் அந்தப் படத்தில் அது ஒளித்துவைத்த பொருளாக இருக்கிறது. ஆனால் சாதாரணத் துப்பாக்கியைப் பற்றி அந்த ஒப்பந்தம் சுற்றுப்பாதையில் தடை எதுவும் சொல்லவில்லை. தனியார் கலம் என்ன செய்தாலும் அதற்கு அதன் நாடே பொறுப்பு என்று மட்டும் சொல்கிறது. ஒரு கம்பெனிக் கப்பல் சுட்டால் ஒரு நாடு சுட்ட மாதிரி. நாவல் எழுதுகிறவர்களே, இந்த ஒரு விதிக்குள் பத்து கதை இருக்கிறது.

துறைமுக ஊழியர், தூத்துக்குடி
*இன்றைய வணிகக் கப்பல்களில் நிஜமாகவே துப்பாக்கி உண்டா?*

உங்கள் ஊர்க்காரரிடம் நான்தான் கேட்க வேண்டும்! 2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓஹியோ' தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டபோது நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சோமாலியக் கொள்ளையர் பயத்தால் வணிகக் கப்பல்கள் கூலிக்குக் காவலர்களை ஏற்ற ஆரம்பித்தன. காவலர் ஏறினால் துப்பாக்கியும் ஏற வேண்டும். அந்தத் துப்பாக்கியோடு துறைமுகத்துக்குள் போனால் ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒவ்வொரு மாதிரி. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: துப்பாக்கிகளையும் காவலர்களையும் நடுக்கடலில் ஒரு கப்பலில் வைத்திருப்பது, தேவைப்படுகிற கப்பலுக்கு அங்கிருந்தே மாற்றிக்கொடுப்பது. மிதக்கும் ஆயுதக் கிடங்கு. ஓஹியோ அந்த ரகம். நம் கடலோரக் காவல்படை பிடித்தது. 35 பேர் மீது வழக்கு, 2016 ஜனவரியில் ஐந்து வருடச் சிறைத்தண்டனை, 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விடுதலை செய்தது. நான்கு ஆண்டுகள் போயின. அதில் யாரும் யாரையும் சுடவே இல்லை.

எந்த விண்வெளிக் கதாசிரியரும் யோசிக்காத இடம் இது. பீரங்கி பூட்டிய சரக்குக் கப்பல் செவ்வாய் நிலையத்துக்கு வந்து சேர்கிறது. யார் உள்ளே விடுவார்கள்? பீரங்கியைக் கழற்றி எங்கே வைப்பது? ரசீது யார் கொடுப்பார்கள்? சண்டைக் காட்சிக்கு ஐம்பது பக்கம் ஒதுக்குகிறவர்கள் இந்தத் துறைமுகக் காட்சிக்கு ஐந்து பக்கம் ஒதுக்கினால் அந்த உலகம் நிஜமாகிவிடும்.

இன்னொரு சம்பவம் ஓஹியோ விவகாரத்தைவிடக் கனமானது. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலுக்கு அப்பால் 'என்ரிக்கா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல் போய்க்கொண்டிருந்தது. வணிகக் கப்பல்தான், ஆனால் பாதுகாப்புக்கு இத்தாலியக் கடற்படை வீரர்கள் ஏறியிருந்தார்கள். நெருங்கி வந்த 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடிப் படகைக் கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கேரளத்துக்காரர், இன்னொருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். வழக்கு ஹேக் நகரத்து நடுவர் மன்றம் வரை போய், 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. மீன் பிடிக்கப் போனவர்களுக்கு அந்தக் கப்பலில் துப்பாக்கி இருக்கிறது என்றே தெரிந்திருக்காது.

வணிகக் கப்பலுக்குத் துப்பாக்கி கொடுத்தால் அதைப் பிடித்திருக்கிற கை பயந்த கையாக இருக்கும். நான் படித்த விண்வெளி நாவல்களில் கொள்ளையரைச் சுட்ட கேப்டன்கள் ஏராளம். அப்பாவியைச் சுட்டுவிட்டு அதோடு வாழ்கிற கேப்டன் மிக அரிது. யாராவது எழுதுங்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

இயற்பியல் ஆசிரியர், பாளையங்கோட்டை
*கப்பலின் வேகமே ஆயுதம்தானே, தனியாகப் பீரங்கி எதற்கு?*

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். லாரி நிவன் 1966-ல் எழுதிய 'தி வாரியர்ஸ்' கதை இதுதான். மனிதர்கள் போரையே மறந்துவிட்ட காலம். 'ஏஞ்சல்ஸ் பென்சில்' என்ற கப்பலில் ஆயுதம் என்று எதுவும் கிடையாது. எதிரே வருகிற வேற்றுக்கிரகத்து வேட்டைக்காரர்கள் இதை ஆட்டுக்குட்டி என்று நினைக்கிறார்கள். ஆனால் கப்பலைத் தள்ளுவது ஒளிக்கற்றை. திருப்பிப் பிடித்தால் அது எதிரிக் கப்பலை அறுத்துவிடும். எஞ்சின் எவ்வளவு திறமையானதோ அவ்வளவு பயங்கரமான ஆயுதம் என்பது நிவன் சொன்ன பாடம்.

உங்கள் மாணவர்களுக்கு ஒரு கணக்கு கொடுங்கள். விநாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போகிற எந்தப் பொருளும் தன் எடைக்குச் சமமான டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றலைச் சுமக்கிறது. கல்லானாலும் சரி, கத்தரிக்காயானாலும் சரி. 1,000 டன் கப்பல் ஒன்று ஒளிவேகத்தில் நூற்றில் ஒரு பங்கு வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 1,000 மெகாடன்னைத் தாண்டும். மனிதன் வெடித்ததிலேயே பெரிய குண்டான சோவியத் 'ஜார் பாம்பா' 1961-ல் 50 மெகாடன். இருபது மடங்கு! அப்படிப்பட்ட கப்பலில் ரவை போடும் துப்பாக்கி இருக்கிறதா என்று சோதிக்கிற அதிகாரி என்ன அதிகாரி?

இது கற்பனை மட்டும் இல்லை. 2022 செப்டம்பரில் நாசாவின் 'டார்ட்' கலம் டைமார்ஃபோஸ் என்ற சின்ன விண்பாறையில் விநாடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மோதியது. கலத்தின் எடை அரை டன் சொச்சம், உள்ளே ஒரு சிட்டிகை வெடிமருந்து கிடையாது. பாறை தன் கூட்டாளியைச் சுற்றும் நேரம் அரை மணிக்கு மேல் குறைந்தது.

ஆகவே வேகமான எஞ்சின்கள் உள்ள உலகத்தில் கப்பலின் சாவி யாரிடம் என்பதுதான் பெரிய கேள்வி. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு பயணிகள் விமானங்களில் விமானி அறைக் கதவுகளைப் பலப்படுத்தினார்கள். இறக்கையில் பீரங்கி பூட்டவில்லை. விண்வெளிக் கதையிலும் கேப்டன் அறைக் கதவைப் பற்றி எழுதுங்கள்.

பொறியியல் மாணவர், கிண்டி
*லேசரா, ஏவுகணையா, துப்பாக்கியா? சரக்குக் கப்பலுக்கு எது பொருத்தம்?*

லேசர் வைக்கும் முன் சூட்டை எங்கே கொட்டுவீர்கள் என்று சொல்லுங்கள். 1 மெகாவாட் ஒளி வெளியே போக, முப்பது சதவீதத் திறன் என்றால், 2 மெகாவாட்டுக்கு மேல் வெப்பமாக உள்ளே தங்கும். விண்வெளியில் காற்று கிடையாது, பெரிய தகடுகள் விரித்துக் கதிர்வீச்சாகத்தான் வெளியேற்ற வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் மொத்த மின்சாரமே ஒரு மெகாவாட்டுக்கு வெகு கீழேதான்.

ஏவுகணை விலையுயர்ந்தது. ஆனால் மின்சாரம் அதிகமில்லாத கப்பலுக்கும் ஏற்றது, ஏனென்றால் கப்பலின் மின்சாரத்தைக் கேட்காது.

துப்பாக்கிக்கு வேறு தொல்லை. தவறிய ரவை கீழே விழாது, சுற்றுப்பாதையிலேயே சுற்றும். 1983-ல் சேலஞ்சர் விண்ஓடத்தின் ஜன்னலில் பெயின்ட் துணுக்கு ஒன்று மோதிக் குழி விழுந்து, கண்ணாடியையே மாற்ற வேண்டியிருந்தது. பெயின்ட் துணுக்குக்கே இப்படி. 2007-ல் சீனா தன் பழைய செயற்கைக்கோளை உடைத்துப் பார்த்ததில் கண்காணிக்கும் அளவுள்ள துண்டுகளே ஆயிரக்கணக்கில் சிதறின. ஜன நெருக்கமான சுற்றுப்பாதையில் வணிகக் கப்பல் சுடலாம் என்று அனுமதிக்கிற அரசாங்கத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

வருகிற ஏவுகணையைக் கிட்டத்தில் தடுக்கிற சிறு பீரங்கி ஒன்று, அதுவும் நெரிசலுக்கு வெளியே மட்டும் பூட்டு திறக்கிற மாதிரி. நான் கொடுப்பது அவ்வளவுதான்.

வரலாற்றுப் பிரியர், பாண்டிச்சேரி
*பழைய கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் பீரங்கி இருந்ததே?*

இருந்தது. உதவி வந்து சேர மாதக்கணக்கில் ஆகிற காலம் அது. ஆனால் அவர்கள் பெரிய வெற்றி ஒன்றைப் பீரங்கியைவிடத் துணிச்சலால்தான் சம்பாதித்தார்கள். 1804 பிப்ரவரியில் மலாக்கா நீரிணைக்கு அருகே பூலோ ஆவுரா என்ற இடம். நதானியேல் டான்ஸ் தலைமையில் சீனாவிலிருந்து கம்பெனி வணிகக் கப்பல்கள் வருகின்றன. சரக்கின் மதிப்பு 80 லட்சம் பவுன். எதிரே பிரெஞ்சு அட்மிரல் லின்வா, 74 பீரங்கிப் போர்க்கப்பலோடு. டான்ஸ் முன்வரிசைக் கப்பல்களில் கடற்படைக் கொடியை ஏற்றி, போர்க்கப்பல்கள் மாதிரி அணிவகுத்தார். லின்வா நம்பிப் பின்வாங்கினார். வணிகக் கப்பல்கள் போர்க்கப்பலை இரண்டு மணி நேரம் துரத்தின!

விண்வெளியில் இந்த வித்தை கஷ்டம். எஞ்சின் கக்குவதையும் கப்பல் வேகம் எடுப்பதையும் பார்த்தே அதன் எடையைக் கணக்கிட்டுவிடலாம், சூட்டை மறைக்கவும் முடியாது. காலிக் கப்பல் கனத்த கப்பலாக நடிப்பது லேசில்லை. மாற்றக்கூடியது பெயரும் வானொலி அடையாளமும்தான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சென்னை
*ஆயுதம் வைத்தால் ஆபத்து குறையுமா, கூடுமா?*

நம் ஊர் மேல் குண்டு போட்ட எம்டனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் எண்ணெய்த் தொட்டிகளை எரித்த ஜெர்மன் போர்க்கப்பல். வங்காள விரிகுடாவில் அது வணிகக் கப்பல்களை வரிசையாகப் பிடித்தது. அந்தக் கப்பல்கள் எதிர்க்கவில்லை. கேப்டன் ஃபான் முல்லர் மாலுமிகளை இறக்கிப் பத்திரமாக அனுப்பிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடித்தார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரை மெச்சின.

அதே போரில் அட்லாண்டிக் பக்கம் பாருங்கள். பிரிட்டன் சில வணிகக் கப்பல்களில் பீரங்கியை ஒளித்துவைத்து, எச்சரிக்க மேலே வருகிற ஜெர்மன் நீர்மூழ்கிகளைச் சுட்டது. சில மூழ்கின. அதன்பின் எச்சரிக்க மேலே வருவது நீர்மூழ்கிக்குத் தற்கொலை ஆகிவிட்டது. எச்சரிக்காமல் அடிப்பதற்கு ஜெர்மனிக்கு ஒரு காரணமும் கிடைத்தது. ஆயுதம் இல்லாத கப்பலின் மாலுமிகளும் அதற்கு விலை கொடுத்தார்கள். ஒரு கப்பல் ஒளித்துவைத்த துப்பாக்கி எல்லாக் கப்பல்களையும் சந்தேகத்துக்கு ஆளாக்கும். என் பதில்: சட்டத்தை மதிக்கிற எதிரி இருக்கும்வரை ஆயுதம் ஆபத்தைக் கூட்டும்.

வாசகி, ஈரோடு
*நிஜ விண்வெளி வீரர்கள் துப்பாக்கி வைத்திருந்தார்களா?*

ரஷ்யர்கள் வைத்திருந்தார்கள், கரடிக்கும் ஓநாய்க்கும். 1965-ல் லியோனவும் பெல்யாயேவும் குறி தவறி யூரல் மலைப் பக்கத்துப் பனிக்காட்டில் இறங்கினார்கள். பிறகு மூன்று குழல் துப்பாக்கி ஒன்று சோயுஸ் கலத்தின் அவசரப் பெட்டியில் இடம்பிடித்தது. நிஜப் பீரங்கியும் ஒரு தடவை போனது. 1974-ல் ஏவிய சல்யூத்-3 சோவியத் ராணுவ நிலையத்தில் 23 மில்லிமீட்டர் பீரங்கி இருந்தது. அடுத்த ஆண்டு ஆட்கள் யாரும் இல்லாத நேரத்தில்தான் அதைச் சுட்டுப் பார்த்தார்கள்.

இன்னொன்று சொல்கிறேன். இன்றைக்குப் பல ராக்கெட்டுகளில் நிஜமாகவே வெடிமருந்து இருக்கிறது, தன்னையே அழித்துக்கொள்ள. பாதை மாறி ஊர் பக்கம் திரும்பினால் வெடிக்க வேண்டும் என்பதற்காக. பிறரைக் காக்கத் தன் மீதே குறிவைத்த ஆயுதம். எந்த லேசர் பீரங்கியைவிடவும் அது எனக்கு நல்ல கதையாகப் படுகிறது.

கணினி விளையாட்டு ரசிகர், திருப்பூர்
*விளையாட்டுகளில் மட்டும் எல்லாக் கப்பலும் ஏன் ஆயுதம் தாங்குகிறது?*

விளையாடுகிறவர் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதால். 1977-ல் வந்த 'டிராவலர்' விளையாட்டில் 100 டன்னுக்கு ஓர் ஆயுத மேடை என்று கணக்கு. 1984-ன் 'எலீட்' வியாபாரியின் கையிலேயே லேசரைக் கொடுத்தது. விளையாட்டுக்கு அது சரி. நாவலுக்கு அந்தக் கணக்கை அப்படியே தூக்கிவரும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

இல்லத்தரசி, கும்பகோணம்
*ஒன்பது வயது மகன் வரைகிற விண்கப்பலில் எல்லாப் பக்கமும் துப்பாக்கி. கவலைப்படவா?*

வேண்டாம் அம்மா, வரையட்டும். "இந்தத் துப்பாக்கிக்கு யாரைக் கண்டு பயம்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவன் சொல்கிற பதிலை எழுதி வையுங்கள், கதை அங்கே இருக்கும்.

முதல் நாவல் எழுதுகிறவர், விருதுநகர்
*நிலவிலிருந்து செவ்வாய்க்குப் போகிற சரக்குக் கப்பல், எட்டு பேர். எத்தனை பீரங்கி வைக்கட்டும்?*

பாதி வழியில் கொள்ளை நடக்காது. உங்களைப் பிடிக்க வருகிறவர் உங்கள் பாதைக்கும் வேகத்துக்கும் வந்து சேர வேண்டும், அந்த எரிபொருளுக்கு அவர் வேறு தொழில் பார்க்கலாம். கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும்தான் ஆபத்து. அங்கேதான் காவல் கப்பலும் இருக்கும். ஆயுதத்தின் ஒவ்வொரு டன்னும் சரக்கில் குறைகிற ஒரு டன். எட்டு பேரில் பீரங்கிக்காரர் ஒருவர் என்றால் மற்ற மாதங்களில் அவருக்கு என்ன வேலை?

பூஜ்யம் என்று வையுங்கள். செவ்வாயில் ஆட்சி கவிழ்ந்து காவல் கப்பல்கள் வராமல் போகிற கதை என்றால் இரண்டு கொடுங்கள், இரண்டையும் பழைய இரும்புக் கடையில் வாங்கியதாக வையுங்கள். அதை யார் சுடப்போகிறார், அவருக்குப் பயிற்சி உண்டா, சுட்ட பிறகு எந்தத் துறைமுகம் அவர்களை ஏற்கும் என்ற மூன்றையும் எழுதத் தொடங்கும் முன் முடிவு செய்துகொள்ளுங்கள். நாவல் முடிந்ததும் கண்டிப்பாக எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.